பன்னிரண்டுக்கு அப்பால்: இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியின் அரிய குழல் எண்கள்

வேட்டைத் துப்பாக்கியின் வரலாற்றில் 12 என்னும் எண்ணுக்கு உள்ள ஆட்சி பெரிது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் செய்யப்பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அவ்வெண்ணைச் சேர்ந்தவையே. ஆயினும் பழந்துப்பாக்கிகளைப் போற்றுவோர் தேடி நாடுவது 16, 20, 28 ஆகிய எண்களையே. அமெரிக்க ஏலக் கூடங்களில், ஒரே பட்டறையில் ஒரே தரத்தில் செய்யப்பெற்ற இரு துப்பாக்கிகளுள் குழல் சிறுத்ததே பெரும்பாலும் மிகுந்த விலை பெறுகின்றது. வழக்கில் குறைந்துபோன ஒன்றின்மேல் இத்துணை விருப்பம் எழக் காரணம் யாது? கிடைத்தற்கு அரியது என்பது ஒன்றே காரணமா? அன்றி, அவ்வெண்களுக்குள் மெய்யான சிறப்பு ஏதேனும் உண்டா? விடை காண, அவ்வெண்கள் தோன்றிய வரலாற்றையும் அவை தேய்ந்த வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

எண்ணின் பொருள்

'துப்பாக்கி' என்னும் சொல் துருக்கிய மொழி வழியாகத் தமிழுக்கு வந்தது. குழலின் அகலத்தைக் குறிக்கும் எண் முறையோ ஐரோப்பியப் பட்டறைகளிலிருந்து வந்தது. இதனை ஆங்கிலேயர் 'போர்' என்பர். அமெரிக்கர் 'கேஜ்' என்பர். ஒரு பவுண்டு ஈயத்தை எடுத்துச் சம எடையுள்ள உருண்டைகளாக வார்க்க வேண்டும். எத்தனை உருண்டையாக வார்த்தால் ஓர் உருண்டை குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ, அந்த எண்ணிக்கையே அக்குழலின் எண். பவுண்டுக்குப் பன்னிரண்டு உருண்டையானால் 12, இருபதானால் 20.

நெசவுத் தொழில் அறிந்தவர்க்கு இம்முறை புதிதன்று. நூலுக்கும் இத்தகைய எண்ணே வழங்குகின்றது. ஒரு பவுண்டு பஞ்சில் எத்தனை சிட்டம் நூல் நூற்கப்பெறுகின்றதோ அதுவே நூலின் எண். 20ஆம் எண் நூலைவிட 60ஆம் எண் நூல் மெல்லியது. அவ்வாறே குழலின் எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். 10ஆம் எண் குழலின் உள்விட்டம் 19.7 மில்லிமீட்டர், 12க்கு 18.5, 16க்கு 16.8, 20க்கு 15.6, 28க்கு 14. இந்த ஒழுங்குக்கு வெளியே நிற்பது '410' ஒன்றே. அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 410 பங்கு என்னும் நேரளவு, மில்லிமீட்டரில் 10.4. ஈய உருண்டைக் கணக்கில் சொல்வதாயின் அது ஏறத்தாழ 67ஆம் எண்ணாகும்.

வாய்வழி மருந்திட்ட காலம்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை வேட்டைத் துப்பாக்கிகளுக்குக் குழல்வாய் வழியாகவே மருந்து இடப்பெற்றது. வெடிமருந்து, அதன்மேல் தக்கை, அதன்மேல் ரவை, மீண்டும் ஒரு தக்கை. இவற்றை நீண்ட கோலால் இடித்து இறுக்குவர். வேட்டைக்காரனிடம் மருந்துக் குடுவையும் ரவைப் பையும் இருந்தன. தன் குழலுக்கு ஏற்ற தக்கையை வெட்டிக்கொள்ள ஒரு சிறு வெட்டுக் கருவியும் இருந்தது. ஆகவே குழல் எந்த எண்ணாயினும் அவனுக்குத் தடை இல்லை. மருந்தும் ரவையும் எல்லாக் குழலுக்கும் பொதுவானவை. தக்கை ஒன்றே தனி.

இதனால் எண்களைத் தேர்வதில் பட்டறைக்காரர்க்கு முழு உரிமை இருந்தது. 13, 14, 15, 17, 18, 19, 22 என இன்று வியப்பளிக்கும் எண்களில் எல்லாம் துப்பாக்கிகள் செய்யப்பெற்றன. வாங்குபவரின் உடல் வலிமை, அவர் சுடும் பறவை, அவர் நடக்கும் நிலம், அவர் தாங்க விரும்பும் எடை ஆகியவற்றைக் கேட்டறிந்து குழலைக் கடைந்தனர். லண்டன் நகரில் சோசஃப் மாண்டன் (1766–1835) என்னும் பேர்பெற்ற கைவினைஞரின் காலம் இது. அக்காலத்தில் எண் என்பது ஒரு கட்டளை அன்று. செய்து முடித்த குழலுக்குப் பின்னர் இட்ட பெயரே அது.

தோட்டா வந்தது

இந்நிலையை மாற்றியது தோட்டா. பாரிசு நகரின் காசிமிர் லெஃபோஷே 1830ஆம் ஆண்டுகளின் நடுவில், குழலின் அடிப்பகுதியை மடக்கித் திறந்து தோட்டாவை வைக்கும் துப்பாக்கியை அமைத்தார். 1851இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியில் இவ்வகைத் துப்பாக்கி ஆங்கிலேயரின் கண்ணிற் பட்டது. சோசஃப் லாங் முதலிய லண்டன் பட்டறைக்காரர் அதனைப் பின்பற்றினர். 1860ஆம் ஆண்டுகளில் அடித்தட்டின் நடுவில் வெடிக்கும் தோட்டா பரவியது. 1875இல் பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையைச் சேர்ந்த ஆன்சன், டீலி ஆகிய இருவரும், குதிரை வெளியே தெரியாத எளிய விசையமைப்புக்கு உரிமை பெற்றனர். இரட்டைக்குழல் துப்பாக்கி ஏறத்தாழ இன்றைய வடிவை அப்போது அடைந்தது.

சுடுவது எளிதாயிற்று, விரைவாயிற்று. ஆயினும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. மருந்தையும் ரவையையும் எங்கும் வாங்கலாம். தோட்டாவை அதன் எண் அறிந்தே வாங்க வேண்டும். தோட்டா செய்யும் ஆலை எந்த எண்ணை மிகுதியாகச் செய்கின்றதோ அந்த எண் மலிவாகும். மலிவான எண்ணுக்கே மக்கள் துப்பாக்கி கேட்பர். மக்கள் கேட்பதையே ஆலை மேலும் செய்யும். இச்சுழற்சியில் 12 முந்திக்கொண்டது. பெருநிலக்கிழார்களின் தோட்டங்களில், ஆட்கள் பறவைகளைக் கிளப்பி விரட்ட, விருந்தினர் வரிசையில் நின்று சுடும் வேட்டை அக்காலத்தில் வளர்ந்தது. ஒரே நாளில் ஒருவர் நூற்றுக்கணக்கான தோட்டாக்களைச் செலவிடும் இடம் அது. தோட்டா தீர்ந்தால் அருகில் நிற்பவரிடம் கடன் வாங்க வேண்டும். அவரும் அதே எண்ணை வைத்திருந்தால்தான் அது இயலும். 12இன் வெற்றிக்கு அதன் சுடுதிறன் மட்டும் காரணமன்று. சந்தையும் விருந்தோம்பலும் சேர்ந்தே அதனை அரியணையில் ஏற்றின.

ஒன்றுவிட்டு ஒன்றாக ஏனைய எண்கள் மறைந்தன. 14, 18 போன்றவற்றுக்குத் தோட்டா கிடைப்பது அரிதாயிற்று. தோட்டா இல்லாத துப்பாக்கி ஊமையாகிவிடும். நல்ல குழல், நல்ல கட்டை, நல்ல செதுக்கு வேலை யாவும் இருந்தும் பயன் இல்லை. எண்ணைத் தேரும் உரிமை, ஒரு தலைமுறைக்குள் பட்டறையிலிருந்து ஆலைக்குச் சென்றுவிட்டது.

பதினாறின் பொருத்தம்

எஞ்சிய எண்களுள் 16க்கு ஓர் இயற்கைப் பொருத்தம் உண்டு. ஒரு பவுண்டுக்கு அவுன்ஸ் பதினாறு. ஆகவே 16ஆம் எண் குழலுக்குப் பொருந்தும் ஈய உருண்டையின் எடை சரியாக ஓர் அவுன்ஸ். இக்குழலில் வழக்கமாக இடும் ரவையும் ஓர் அவுன்ஸே. துப்பாக்கியின் எடை அது சுடும் ரவையின் எடையைப்போல் 96 மடங்கு இருத்தல் நன்று என்பது ஆங்கிலப் பட்டறைக்காரர் கண்ட விதி; அவ்வாறு இருந்தால் பின்னுதைப்பு தோளை வருத்தாது. ஓர் அவுன்ஸுக்கு 96 மடங்கு என்பது ஆறு பவுண்டு. நாள் முழுதும் காட்டில் சுமந்து நடப்பதற்கு ஆறு பவுண்டு தாங்கக்கூடிய எடையே. '20ஐப் போல் சுமக்கலாம், 12ஐப் போல் சுடலாம்' என அமெரிக்க வேட்டைக்காரர் 16ஐப் பற்றி வழங்கும் சொல் இக்கணக்கிலிருந்து பிறந்ததே.

ஐரோப்பாவின் நிலப்பகுதியில் 16 நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தது. செர்மனியின் சூல் நகரிலும் ஆஸ்திரியாவின் ஃபெர்லாக் நகரிலும் செய்யப்பெற்ற, இரு ரவைக் குழல்களுக்குக் கீழே ஒரு குண்டுக் குழல் அமைந்த 'டிரில்லிங்' என்னும் முக்குழல் துப்பாக்கிகளில் பல இவ்வெண்ணைச் சேர்ந்தவை. குழல் மூன்றானால் எடை ஏறும். அதனைக் குறைக்க 16 உதவியது.

அமெரிக்காவில் 16 தளர்ந்ததற்கு ஒரு விளையாட்டும் காரணம். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் 'ஸ்கீட்' என்னும் விளையாட்டு 1920ஆம் ஆண்டுகளில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உருவாயிற்று. 1926இல் அப்பெயர் பெற்றது. பின்னர்ப் போட்டிகள் 12, 20, 28, 410 என நான்கு வகுப்புகளாக வகுக்கப்பெற்றன. 16க்குத் தனி வகுப்பு இல்லை. போட்டிக்குச் செல்பவர் அதனை வாங்கவில்லை. வாங்காததால் ஆலைகள் புதுவகைத் தோட்டாக்களை அதற்குச் செய்யவில்லை. திறனில் குறைவு ஏதும் இன்றியே ஓர் எண் பின்தள்ளப்பட்டது. அதன் பழந்துப்பாக்கிகளின்மேல் இன்று பலர் காட்டும் பரிவில், இழைக்கப்பட்ட குறையை ஈடுசெய்யும் எண்ணமும் கலந்திருக்கின்றது.

இருபதும் இருபத்தெட்டும்

விக்டோரியா அரசியார் காலத்து இங்கிலாந்தில் 20ஆம் எண் பெண்டிர்க்கும் சிறுவர்க்கும் உரியதென ஒதுக்கப்பெற்றது. 28 அதனினும் சிறியதாகையால், துப்பாக்கி பழகும் பிள்ளைகளின் கையில் இருந்தது. 410ஆம் அளவு தோட்டத்துச் சிறு உயிர்களைச் சுடுவதற்கும், இயற்கை நூலார் சிறு பறவைகளை உரு சிதையாமல் சேகரிப்பதற்கும் பயன்பட்டது.

இம்மதிப்பு அமெரிக்க மண்ணில் மாறியது. தென் மாநிலங்களில் காடையைத் தேடி, மோப்ப நாயைப் பின்தொடர்ந்து பல கல் தொலைவு நடப்பர். பறவை சிறியது, கிளம்புவது அருகில். அங்கே எடை மிகுந்த துப்பாக்கி சுமையாகும். விரைவாகத் தோளுக்கு வரும் மெல்லிய துப்பாக்கியே ஏற்றது. கனெக்டிகட் மாநிலத்து மெரிடன் நகரின் பார்க்கர் சகோதரர் நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 28ஆம் எண் துப்பாக்கிகளைச் செய்து அங்கே பரப்பியது. 28இல் இடும் ரவை வழக்கமாக முக்கால் அவுன்ஸ்.

இங்கு நுட்பமான செய்தி ஒன்றைக் கவனித்தல் வேண்டும். குழல் சிறியதாயின் துப்பாக்கி தானே மெலிந்துவிடும் என்பதில்லை. குழல் பொருந்தும் உடற்பகுதியும் அதற்கேற்பச் சிறிதாக வார்க்கப்பெற வேண்டும். பார்க்கர் பட்டறையில் உடற்பகுதியின் அளவுக்குத் தனி எண்கள் இருந்தன. மெல்லியவற்றுக்கு ஒற்றைச் சுழி, இரட்டைச் சுழி, முச்சுழி என அடையாளம் இட்டனர். 28இல் பல முதல் இரண்டிலும், 410 முச்சுழியிலும் அமைந்தன. 12க்கு உரிய பெரிய உடலில் சிறு குழலைப் பொருத்தினால் எடை குறையாது. சுவர் தடித்த குழலால் எடை கூடவும் செய்யும். ஆகவே அறிந்தோர் தேடுவது சிறு எண்ணை மட்டும் அன்று; குழல், உடல், கட்டை மூன்றும் ஒத்த அளவில் பிறந்த துப்பாக்கியையே அவர் தேடுகின்றனர். அழகு என்று சொல்லப்படுவது இந்த ஒப்புமையே.

பெருங்குழல்கள்

எதிர்ப்புறத்தில் 10, 8, 4 ஆகிய பெருங்குழல்கள் உண்டு. கடற்கரைச் சதுப்புகளில் உயரப் பறக்கும் வாத்துகளுக்கு இவை பயன்பட்டன. 4ஆம் எண்ணின் உள்விட்டம் 26.7 மில்லிமீட்டர். இத்தகைய துப்பாக்கியின் எடையைத் தாங்குவதே ஒரு வித்தை. இலங்கையில் நுவரெலியாவில் வாழ்ந்து, 1850ஆம் ஆண்டுகளில் அத்தீவின் வேட்டை பற்றி நூல் எழுதிய சாமுவேல் பேக்கர் கையாண்ட நான்கு அவுன்ஸ் குண்டுத் துப்பாக்கியும் 4ஆம் எண் அளவினதே. நான்கு அவுன்ஸ் உருண்டை பவுண்டுக்கு நான்கு என்பது கணக்கு. அது ரவைக்கு உரியதன்று. யானை முதலிய பெருவிலங்குகளுக்கு உரியது.

பெருங்குழல்களை வீழ்த்தியது சந்தை அன்று; சட்டம். நகர அங்காடிகளுக்காக வாத்துகளை அளவின்றிச் சுட்டு விற்றதால் அமெரிக்காவில் பறவை இனங்கள் குன்றின. வலசைப் பறவைகளைக் காக்க 1918இல் வந்த சட்டத்தின் வழி, 10ஐவிடப் பெரிய குழல்களால் அப்பறவைகளைச் சுடுவது தடுக்கப்பெற்றது. அதன்பின் 8ஆம் எண் இரட்டைக்குழல் அங்கே வேட்டைக் கருவி என்னும் நிலையை இழந்து வரலாற்றுச் சான்றாக ஆயிற்று.

அருமையா, பெருமையா?

அரிய எண்களைப் புகழ்வோர் சொல்லும் அனைத்தும் மெய்யென்று கொள்வதற்கில்லை. 28இலிருந்து புறப்படும் ரவை 12இலிருந்து புறப்படும் ரவையைவிட வலிமையாகத் தாக்கும் என்று சிலர் சொல்வர். ஒரே அளவுள்ள இரு ரவைகள் ஒரே வேகத்தில் சென்றால், எந்தக் குழலிலிருந்து வந்தன என்பதைப் பறவை அறியாது. 12இல் ரவையின் எண்ணிக்கை மிகுதி. அதனால் பறவைமேல் படும் வாய்ப்பும் மிகுதி. அளவுக்கு மிஞ்சிய ரவையைச் சிறு குழலில் திணித்தால் அது நீண்ட தூணாகி, அடியிலுள்ள ரவைகள் நசுங்கிச் சிதறும். அமெரிக்க எழுத்தாளர் பாப் பிரிஸ்டர், ஓடும் ஊர்தியின் பின்னே இலக்குத் தாளைக் கட்டியிழுக்கச் செய்து சுட்டுப் பார்த்து, ரவைக் கூட்டம் காற்றில் நீண்டு செல்வதை 1976இல் வெளியான தம் நூலில் விளக்கினார். சிறு குழலின் சிறப்பு தாக்கும் வலிமையில் இல்லை. எடையிலும் விரைவிலும் அளவறிந்த ரவையிலும் இருக்கின்றது.

விலையை உயர்த்துவது பெரும்பாலும் அருமையே என்பதையும் மறுக்க இயலாது. விலை உயரும் இடத்தில் பொய்யும் புகும். பழைய துப்பாக்கிக்குப் புதுக்குழல் பொருத்துவதும், எளிய தரத்தின்மேல் உயர்தரச் செதுக்கு வேலையை ஏற்றுவதும் உண்டு. ஆகவே குழலின் அடியில் உள்ள முத்திரைகளைப் படிக்கத் தெரிதல் இன்றியமையாதது. லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் கழகம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்றது. விற்பனைக்கு முன் ஒவ்வொரு குழலும் மிகு மருந்தால் சோதிக்கப்பெற்று முத்திரை பெறும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஆங்கிலத் துப்பாக்கியில் 12 என்னும் தோட்டா எண்ணோடு, குழலின் மெய்யளவாக 13 என்ற எண்ணும் காணப்படலாம். இது பிழையன்று, 12ஆம் எண் தோட்டாவுக்கு உரிய துப்பாக்கியின் குழல் சற்றுக் குறுக்கிக் கடையப்பெற்றது என்பதே அதன் பொருள். தோட்டா ஒருமைப்பட்ட பின்னும் பட்டறைக்காரர் தம் பழைய உரிமையைச் சிறிது காத்துக்கொண்டனர் என்பதற்கு இம்முத்திரையே சான்று.

காக்கும் முறை

பழந்துப்பாக்கியை விரும்புதல் வேறு. அதனை அறிந்து போற்றுதல் வேறு. அறியாமை உயிருக்கே கேடாகலாம். அமெரிக்காவில் முன்னாளில் செய்த 16ஆம் எண் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீட்டர். பிற்காலத் தோட்டா 70 மில்லிமீட்டர் அறைக்கு உரியது. நீண்ட தோட்டா குறுகிய அறைக்குள் நுழைந்துவிடும். ஆனால் சுடும்போது அதன் மடிந்த வாய் விரிய இடமின்றி, அழுத்தம் ஏறும். இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்த பழைய டமாஸ்கஸ் குழல்களில் பல, கரும்பொடி மருந்துக்கென்றே சோதிக்கப்பெற்றவை. இன்னொரு கேடு, 20ஆம் எண் தோட்டா 12ஆம் எண் குழலுக்குள் வழுக்கிச் சென்று நடுவில் தங்குவது. அதனை அறியாமல் பின்னே 12ஐ இட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இதனாலேயே 20ஆம் எண் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் வழக்கமாயிற்று.

ஈயமும் பழைய நிலையில் இல்லை. சதுப்பில் விழுந்த ஈய ரவையை உண்ட நீர்ப்பறவைகள் நஞ்சேறி மடிந்தன. அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நாடு முழுதும் தடுத்தது. இங்கிலாந்தில் அத்தகைய தடை 1999இல் வந்தது. மாற்றாக வந்த எஃகு ரவை கடினமானது. பழைய மெல்லிய குழலைக் கீறிக் கெடுக்கும். பிஸ்மத் என்னும் மென்மையான உலோக ரவை பழந்துப்பாக்கிக்கு ஏற்றது, விலையோ மிகுதி. ஈயத்தின் எடையால் பெயர் பெற்ற எண்கள், ஈயம் விலகும் காலத்திலும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றன.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது விடை கூறலாம். அரிய எண்களின் கவர்ச்சியில் அருமைக்கும் பங்குண்டு. ஏலக் கூடத்து விலை அதனைக் காட்டுகின்றது. ஆயினும் அதன் அடியில் நிற்பது வேறொன்று. ஆலை அளவு விதிக்கும் முன்னர், ஆளையும் பறவையையும் நிலத்தையும் பார்த்துக் கைவினைஞன் அளவு வகுத்தான். 16இன் ஆறு பவுண்டு எடையிலும், 28இன் சிறிய உடலிலும் அந்தப் பார்வை இன்னும் இருக்கின்றது. 12ஆம் எண் துப்பாக்கி எல்லார்க்கும் பொதுவாகச் செய்யப்பெற்றது. அதனால் அது வென்றது. ஏனையவை ஒவ்வொன்றும் இன்னார்க்கென்று செய்யப்பெற்றவை. தோட்டா அற்று ஊமையான 14ஆம் எண் துப்பாக்கி ஒன்றைச் சிதையாமல் காப்பவர், அதனை அளந்து செய்த கையின் அறிவைக் காக்கின்றார்.